பெயிண்ட் போன பின்னும் நின்ற எழுத்து: ஒரு ஃபைபர் படகின் பழைய பெயர்களை நீக்கிய நிகழ்வு

நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்குப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. அதில் மூவர் வேலை செய்கிறோம். ஒரு பழைய படகின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை அழித்துத் தரும் பணி எங்களிடம் வந்தது. இரண்டு நாளில் முடியும் என்று கணக்கிட்ட அந்த வேலை, முடிவதற்குள் பன்னிரண்டு நாளை எடுத்துக்கொண்டது. எங்கே கணக்கு தவறியது, எந்த இடத்தில் நாங்களே ஒரு சேதத்தை உண்டாக்கினோம், ஓராண்டு கழித்து அந்தப் படகு எப்படி இருந்தது என்பதை இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே பதிவு செய்கிறோம். படகின் பெயரையும் அதற்கு உரியவர்களின் பெயர்களையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

படகு 28 அடி நீளம் கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வழங்கப்பட்ட ஃபைபர் படகுகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டுகளில் இக்கரையில் கட்டுமரங்கள் நின்ற இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து நின்றதும், அவற்றில் பலவற்றின் பக்கவாட்டில் வழங்கிய அமைப்பின் பெயர் கண்ணில் அறையும் அளவில் எழுதப்பட்டிருந்ததும் இங்குள்ளவர்கள் நன்கு அறிந்ததே. இந்தப் படகிலும் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, ஒட்டி இருபுறமும், ஒன்பது அங்குல உயரத்தில், சிவப்பு எனாமல் பெயிண்டால் ஆங்கில எழுத்துகளில் அமைப்பின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, படகு வந்து ஆறேழு ஆண்டுகள் கழித்து, முதல் உரிமையாளர் தம் தாயாரின் பெயரைத் தமிழில் வெள்ளை பெயிண்டால் எழுதுவித்திருந்தார்.

பதினாறு ஆண்டு ஓட்டத்துக்குப் பின் அவர் படகை விற்றார். வாங்கியவர் அதே ஊரைச் சேர்ந்தவர்; வயதில் இளையவர். படகின் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பெயர்களையும் எடுத்துத் தரும்படி எங்களிடம் கேட்டார். கடலில் கடலோரக் காவல் படையினர் படகை நிறுத்திப் பார்க்கும்போது தாளில் ஒரு பெயரும் படகில் வேறொரு பெயரும் இருந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நிவாரணப் படகு என்ற அடையாளத்தோடு இன்னும் எத்தனை காலம் ஓடுவது என்பது அவர் சொல்லாமல் விட்ட காரணம் என்று எங்களுக்குத் தோன்றியது.

வேலைக்குப் படகு வந்த காலமும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுப் பழுது வேலைகள் எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆனால் அந்தத் தடை வெளிப்பொருத்து எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகளைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதாலும், மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாள்கள் அவையே என்பதாலும், இத்தகைய படகை அப்போது யாரும் கரையில் போட்டுவைக்க மாட்டார்கள். ஆகவே வாடைக் காற்று வீசிக் கடல் கெட்டிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் படகு எங்களிடம் வந்தது. ஃபைபர் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத காலம் கிடையாது.

தொடங்குவதற்கு முன் பழைய உரிமையாளர் வந்திருந்தார். "அழிக்கிறதுக்கு முன்னாடி அம்மா பேர ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் தம்பி" என்று கேட்டு, கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டார். எங்களுக்கு அதுவரை படம் எடுத்துவைக்கும் பழக்கம் இல்லை. அவரைப் பார்த்துத்தான் நாங்களும் எடுத்தோம். பின்னால் நிறத்தை ஒப்பிட அந்தப் படங்கள்தான் உதவின.

முதல் ஆய்வில் கண்டவை

படகை நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, மழை விட்ட ஒரு பகலில் காயவைத்துப் பார்த்தோம். வெளிப்பூச்சு வானநீல ஜெல்கோட்; ஃபைபர் உடலுக்கு வெளியே தோல்போல் இருக்கும் மெல்லிய ரெசின் (பிசின்) அடுக்கு அது. நீல நிறம் ஜெல்கோட்டிலேயே கலந்து அச்சில் வார்க்கப்பட்டது; மேலே அடித்த பெயிண்ட் அன்று. உள்ளங்கையால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் வெளிர்நீலப் பொடி கையில் ஒட்டியது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள ரெசினைச் சிதைக்கும்போது, அதைப் பற்றியிருந்த நிறமித் துகள்கள் பிடிமானம் இழந்து பொடியாகின்றன. ஒவ்வொரு நாளும் செதிலையும் வழவழப்பையும் போக்கத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவும்போது அந்தப் பொடியில் கொஞ்சம் போய்விடும். கீழே உள்ள அடுக்கு வெயிலுக்கு வரும். பதினாறு ஆண்டுகள் இது நடந்திருக்கிறது.

எழுத்தின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினால் தெளிவான படி தட்டுப்பட்டது. சிவப்பு எழுத்தின் ஒரு மூலையில் தின்னர் தோய்த்த துணியை வைத்து எடுத்தபோது நிறம் துணியில் இறங்கியது. எனவே அது சாதாரண எனாமல்தான், ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரட்டைக்கலவைப் பெயிண்ட் அன்று என்பது உறுதியாயிற்று. இரட்டைக்கலவைப் பெயிண்டாக இருந்திருந்தால் தின்னருக்கு அசைந்திருக்காது. வேலை முறையே மாறியிருக்கும்.

ஜெல்கோட் எவ்வளவு கனம் என்று தெரியாமல் அதன்மேல் உப்புத்தாளை வைக்கக் கூடாது. இடப்புறத்தில் கயிற்று வளையம் பூட்டியிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, துளையின் ஓரத்தை நுண்தாளால் நேராக்கி, வெளிச்சம் பிடித்துப் பார்த்தோம். வெளியே நீலக்கோடு, அதற்கு உள்ளே பச்சையோடிய ஃபைபர் மேட், அதாவது ரெசினில் ஊறி இறுகிய கண்ணாடி இழை விரிப்பு. நீலக்கோட்டின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அஞ்சல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம். நாங்கள் தேய்த்துச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட மொத்த முதல் அவ்வளவுதான். அளவை இடப்புறத்தில் மட்டும் எடுத்தோம் என்பதை இங்கேயே குறித்துவிடுகிறோம். இந்தப் பதிவில் உள்ள முக்கியமான பிழை அதிலிருந்து தொடங்குகிறது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் முடிவு செய்தது எதைத் தொடக் கூடாது என்பதை. இரண்டு பெயர்களுக்கும் பின்னால், ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் பதிவு எண் எழுதப்பட்டிருந்தது. பெயர் மாற்றம் முடியவில்லை; மீன்வளத்துறையிலிருந்து படகைப் பார்க்க வரக்கூடும். எண் இல்லாத படகு கரையில் கிடந்தாலே கேள்வி வரும். ஆகவே எண் இருந்த பகுதியைச் செய்தித்தாள் வைத்து டேப் ஒட்டி மூடிவிட்டு, அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தை அப்படியே விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வேலை முடிந்ததும் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும் என்று உரிமையாளரிடம் சொன்னோம், அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, அழிக்கும் வழி. எல்லாவற்றின் மேலும் புதிதாக எனாமல் அடித்துவிடலாம் என்பது உரிமையாளரின் யோசனை. அதைச் செய்தால் பழைய எழுத்தின் படி புதுப் பெயிண்டுக்குள்ளும் மேடாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது பெயரை வாசிக்கவே முடியும். பொடிந்த ஜெல்கோட்டின் மேல் அடித்த பெயிண்ட் பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதால் ஒரு பருவத்துக்குள் தோல் உரிவதுபோல் உரியும். அதை விட்டோம்.

கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு பூட்டி அரைத்துவிடலாம் என்றார் எங்கள் பட்டறை இளைஞர். அரை மணி நேரத்தில் முடியும் என்பது உண்மை. ஆனால் கிரைண்டர் ஓர் இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் அரை மில்லிமீட்டர் போய்விடும். ஜெல்கோட் போன இடத்தில் கண்ணாடி இழைகள் வெளியே வந்து, திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுக்கும்; பிறகு அந்தப் பகுதி உள்ளுக்குள் ஊறிக் கொப்புளம் கட்டும். கடையில் கிடைக்கும் பசைபோன்ற பெயிண்ட் ரிமூவர் எனாமலை நிமிடங்களில் சுருட்டிவிடும் என்றாலும், அதே வேகத்தில் ஜெல்கோட்டையும் இளக்கிவிடும் என்பதைக் கண்டிருக்கிறோம். கதவுகளின் பழைய பெயிண்டைக் காஸ்டிக் சோடா கரைசலால் எடுப்பதுண்டு. எனாமலில் உள்ள எண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பாகி இளகுவதால் அது நடக்கிறது. ஆனால் ஜெல்கோட்டின் ரெசினும் கடுங்காரத்தை நெடுநேரம் தாங்காது. நேர்நின்ற பரப்பில் கரைசல் வழிந்து எங்கே போகிறது என்று கட்டுப்படுத்தவும் முடியாது. கையில் பட்டால் புண்ணாகும்.

ஆகவே தின்னரால் இளக்கி, மழுங்கிய கருவியால் வழித்தெடுத்து, மிஞ்சியதை நீர் விட்டு வாட்டர் பேப்பரால் (நீர் தாங்கும் உப்புத்தாள்) தேய்ப்பது என்று தீர்மானித்தோம். நீர் விட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த சிவப்பு, மஞ்சள் எனாமலில் ஈயம் இருக்கும் என்று கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் எங்கள் மூச்சிலும், படகு நிழலில் விளையாடும் பிள்ளைகளின் கையிலும் போய்ச் சேரும். படகின் கீழே தார்ப்பாய் விரித்து, வழியும் சேற்றை வாளியில் சேர்த்துத் தெளியவிட்டு, அடியில் தங்கிய கசடை எடுத்துத் தனியே மூடிவைத்தோம்.

பெயிண்டை எடுத்த விதம்

இடப்புறத்தில் முதலில் தொடங்கினோம். தின்னர் நம் வெயிலிலும் காற்றிலும் துடைப்பதற்குள் ஆவியாகிவிடும். அதனால் துணியைத் தோய்த்து எழுத்தின்மேல் ஒட்டி, அதன்மேல் பாலித்தீன் தாளைப் போட்டு ஓரங்களை அழுத்தி ஐந்து நிமிடம் விட்டோம். எடுக்கும்போது எனாமல் பாயசத்தின் மேல் படியும் ஆடைபோல் சுருங்கியிருந்தது. அதை வழிக்கப் பழைய பிளாஸ்டிக் பீப்பாயின் மூடியிலிருந்து அறுத்து, ஓரத்தைச் சாய்வாகச் சீவிய ஒரு துண்டைப் பயன்படுத்தினோம். இரண்டாவது எழுத்தில் இளைஞர் அவசரப்பட்டுச் சவரப் பிளேடை எடுத்தார். அதன் மூலை பட்டு ஏற்பட்ட விரல் நீளக் கீறல் கடைசிவரை முழுதாக மறையவில்லை. அன்றே பிளேடைப் பெட்டியில் போட்டுப் பூட்டினோம்.

முதல் மூன்று எழுத்துகள் முடிந்தபோது, எழுத்துகளைச் சுற்றி ஒரு செந்நிறக் கறை பரவியிருந்ததைக் கண்டோம். தின்னரில் கரைந்த சிவப்பு, சுற்றியிருந்த பொடிந்த ஜெல்கோட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருந்தது. மீண்டும் தின்னர் விட்டுத் துடைத்தால் கறை அகன்றதே தவிர அழியவில்லை. சுண்ணாம்புச் சுவரில் மை கொட்டித் துடைத்தால் என்ன ஆகுமோ அதுதான். இதைத் தொடங்கும் முன்பே நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான்காவது எழுத்திலிருந்து முறையை மாற்றினோம். முதலில் எழுத்துகளுக்கு வெளியே உள்ள பரப்பை 600 எண் வாட்டர் பேப்பரால் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) இலேசாகத் தேய்த்துப் பொடியை நீக்கினோம். பிறகு எழுத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே வழித்தோம். துணியின் ஒரு பக்கத்தை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தவில்லை. அதற்குப் பின் கறை ஏற்படவில்லை. முன்பு ஏற்பட்ட கறை பின்னால் நடந்த தேய்ப்பில் போயிற்று.

தாயார் பெயரின் வெள்ளை எழுத்துகள் எளிதாக வந்தன. அவை பொடிந்த பரப்பின் மேலேயே எழுதப்பட்டிருந்ததால் பிடிமானம் குறைவு. சில இடங்களில் நகத்தால் நெம்பினாலே சில்லு சில்லாகக் கழன்றன.

பெயிண்ட் போனது, எழுத்து போகவில்லை

மூன்றாம் நாள் மாலை இருபுறமும் ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தோம். ஒரே நீலமாக இருந்தது. வேலை முடிந்தது என்று உரிமையாளருக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை மழை இல்லை. படகு காய்ந்திருந்தது. அவர் வந்து பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அழிச்ச மாதிரி இல்லண்ணே, புதுசா எழுதுன மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. சிவப்பாக இருந்த எழுத்துகள் இப்போது அடர்நீலத்தில், முன்பைவிடக் கூர்மையான விளிம்போடு நின்றன. பதினாறு ஆண்டுகளாகப் பெயிண்ட் குடைபோல் மூடியிருந்த இடத்தில் ஜெல்கோட் வெயிலே படாமல் அச்சிலிருந்து வந்த நாளின் நிறத்தோடு இருந்தது; சுற்றியிருந்த இடம் வெளிறித் தேய்ந்துபோயிருந்தது. ஈரத்தில் இந்த வேறுபாடு தெரியாததற்கும் காரணம் உண்டு. பொடிந்த பரப்பின் நுண்துளைகளில் தண்ணீர் நிறையும்போது அதுவும் அடர்நிறமாகவே தெரியும். காய்ந்ததும் வெளிறிவிடும். முந்திய மாலையில் ஈரமான படகைப் பார்த்து வேலை முடிந்தது என்று நாங்கள் சொன்னது இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருப்பவர்கள் செய்யக் கூடாத தவறு.

தாயார் பெயரின் நிழல் அமைப்புப் பெயரின் நிழலைவிட மங்கலாக இருந்தது. ஆறேழு ஆண்டுகள் வெயிலில் வெளிறிய பரப்பின் மேல் அது எழுதப்பட்டதே காரணம். எந்த எழுத்து முந்தியது, எது பிந்தியது என்பதை நிழலின் அடர்த்தியை வைத்தே சொல்லிவிடலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள் என்பது எங்கள் கருத்து. எழுத்து தெரிகிறது என்றதும் எழுத்தின்மேல் தேய்ப்பார்கள். எழுத்து இருக்கும் இடம் நன்றாகவே இருக்கிறது, கெட்டுப்போனது சுற்றுப்புறம். எழுத்தின்மேல் தேய்த்தால் அது இன்னும் பளபளக்கும், கூடவே அந்த இடம் பள்ளமாகும். வெளிறிய அடுக்கை எடுத்துச் சுற்றுப்புறத்தை அடர்நீலம் வரை இறக்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். இரண்டு பகலை அந்தத் தேய்ப்புக்கு ஒதுக்கினோம். மேலே ஓரப்பட்டை, கீழே நீர்க்கோடு, பின்னால் பதிவு எண்ணுக்காக மூடிய பகுதி ஆகிய மூன்றையும் எல்லையாக வைத்து, அந்தப் பரப்பு முழுவதையும் சேர்த்துத் தேய்ப்பது என்று முடிவு செய்தோம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த எல்லையே புதிய எழுத்தாகத் தெரியும்.

பழைய ஹவாய்ச் செருப்பின் அடியை உள்ளங்கை அளவு வெட்டி, அதில் வாட்டர் பேப்பரைச் சுற்றிக்கொண்டோம். வெறும் விரலால் தேய்த்தால் விரல்களின் இடைவெளி கோடு கோடாகப் பதியும். பரப்பில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்துவிட்டு 400இல் தொடங்கினோம். கோடு அழியாமல் நின்ற இடம் பள்ளம். சீக்கிரம் அழிந்த இடம் மேடு. கோடு முழுதும் அழிந்தால் ஒரு சுற்று. காய்ந்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் பார்த்து, மீண்டும் கோடு கிழித்து அடுத்த சுற்று. இடப்புறத்தில் ஐந்தாவது சுற்றில் தாயார் பெயர் மறைந்தது. ஏழாவது சுற்றில் அமைப்பின் பெயரும், கண்ணைச் சுருக்கித் தேடினால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்தது. அதன்பின் 600, 800, 1000, 1500 என்று ஏறி, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டு, மெழுகு பூசினோம். படகு வந்த நாளில் இருந்த நீலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லும்படி இடப்புறம் அமைந்தது.

வலப்புறத்தில் நேர்ந்த சேதம்

இடப்புறம் தந்த நம்பிக்கையில், வலப்புறத்துக்கும் ஏழு சுற்று என்று கணக்கு வைத்து மறுநாள் தொடங்கினோம். மூன்று சுற்றுகள் முடிந்தும் எழுத்துகள் இடப்புறத்தைவிட அடர்த்தியாகவே நின்றன. இன்னும் தேய்க்க வேண்டும் என்று அதைப் புரிந்துகொண்டோம். ஐந்தாவது சுற்றில், அணியத்தை ஒட்டிய எழுத்துக்கு முன்னால், வழியும் நீலத் தண்ணீர் நிறம் குறைந்து வெண்மையாக வரத் தொடங்கியது. துடைத்துப் பார்த்தபோது உள்ளங்கையளவு இடத்தில் நீலம் கண்ணாடிபோல் மெலிந்து, அதற்குள் ஃபைபர் மேட்டின் இழைகள் சிலந்தி வலைபோல் தெரிந்தன. அதன் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் நீலமே இல்லை.

வேலையை அங்கேயே நிறுத்தினோம். காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த ஊரில் படகுகளை அணியம் கடலைப் பார்க்க, அதாவது கிழக்கு நோக்கி, கரையேற்றி நிறுத்துவது வழக்கம். அப்படி நிற்கும் படகின் வலப்புறம் தெற்கு முகம். நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்தே செல்வதால், கரையில் நின்ற நாள்களில் எல்லாம் வலப்புறம்தான் வெயிலை வாங்கியிருக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தில் சுற்றுப்புறம் அதிகமாக வெளிறியும், அதே காரணத்தால் அதிகமாகத் தேய்ந்தும் இருந்தது. எழுத்தின் நிழல் அடர்த்தியாகத் தெரிந்ததற்குப் பொருள் இன்னும் தேய்க்கலாம் என்பதன்று. தேய்ப்பதற்கு மிச்சம் குறைவு என்பதே. அடையாளத்தை நேர்மாறாக வாசித்துவிட்டோம். வலப்புறத்திலும் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சேதத்துக்குப் பின் கழற்றிப் பார்த்தபோது அங்கே நீலக்கோடு இடப்புறத்தில் கண்டதில் பாதிதான் இருந்தது.

சேதத்தைச் சரிசெய்யவே மீதி நாள்கள் சென்றன. மழை ஈரத்தில் திறந்த ஃபைபர் மேட்டின் மேல் ஜெல்கோட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப்போகும். தார்ப்பாயால் பந்தல்போட்டு, இரண்டு நாள் காற்றோட்டத்தில் காயவிட்டு, பிறகே கலவையைத் தொட்டோம். நிறம் சேர்ப்பது தனிப் பாடு. நீலமும் வெள்ளையும் சேர்த்து நான்கு மாதிரிகள் செய்து, பாலித்தீன் தாளில் தடவி இறுகவிட்டு, படகின்மேல் வைத்து ஒப்பிட்டோம். ஈரமாக இருக்கும்போது பொருந்திய நிறம் இறுகிய பின் பொருந்தவில்லை. ஒப்பிடுவதற்குத் தொடக்கத்தில் எடுத்த படங்களையும், இடப்புறத்தில் தேய்த்தெடுத்த நீலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஹார்ட்னரை நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற அளவில் கலந்தோம். காற்றுப்படும் ஜெல்கோட்டின் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், பூசியதும் பாலித்தீன் தாளை மடிப்பில்லாமல் ஒட்டி மூடினோம். அடுத்த நாள் தாளை உரித்து, சுற்றுப்புறத்தோடு சமமாகத் தேய்த்தோம். ஒட்டு நன்றாகப் பிடித்தது. நிறம் மட்டும் அரைக்கால் பங்கு கூடுதல் அடர்த்தி. தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

உரிமையாளரிடம் எதையும் மறைக்காமல் சொன்னோம். ஒட்டுப்போட்ட வேலைக்குக் கூலி வாங்கவில்லை. வலப்புறத்தில் அமைப்புப் பெயரின் கடைசி நான்கு எழுத்துகளின் நிழல் அப்போதும் வாசிக்கும்படி இருந்தது. அதற்குமேல் தேய்க்க முடியாது என்றும், அந்தப் பக்கம் முழுவதற்கும் பிரைமர் போட்டு இரட்டைக்கலவைப் பெயிண்ட் அடிப்பது ஒன்றே மீதமுள்ள வழி என்றும், அதற்கு ஆகும் செலவையும் சொன்னோம். அவர் அந்தச் செலவை எஞ்சின் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, நிழல் இருந்தால் இருக்கட்டும் என்றார். இருபுறமும் புதிய பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு முழ அகலத்தில் பிரைமரும், அதன்மேல் இரட்டைக்கலவை வெள்ளைப் பெயிண்டும் பட்டையாக அடித்தோம். வலப்புறத்துப் பட்டை எங்கள் ஒட்டின்மேல் வரும்படி பார்த்துக்கொண்டோம்.

ஓராண்டுக்குப் பின்

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் படகு மீண்டும் கரையேறியபோது போய்ப் பார்த்தோம். பெயர் மாற்றம் முடிந்து புதிய புத்தகம் வந்திருந்தது. பதிவு எண் அதேதான். எண்ணைச் சுற்றி நாங்கள் விட்ட வெளிறிய கட்டம் இன்னும் தனியாகத் தெரிந்தது, ஆனால் முன்பு இருந்த அளவுக்கு இல்லை. இடப்புறத்தில் மெழுகு போய்ப் பளபளப்பு குறைந்திருந்தது. எழுத்தின் தடம் எங்கும் இல்லை. ஒட்டின் ஓரத்தில் வெடிப்போ கொப்புளமோ காணவில்லை.

எதிர்பாராதது வலப்புறம். வாசிக்கும்படி விட்டுவந்த நான்கு எழுத்துகளில் மூன்றை, எங்கே இருந்தன என்று தெரிந்திருந்தும், எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில், காய்ந்த படகில், சாய்வு வெயிலில் பார்த்தே இதைச் சொல்கிறோம். பெயிண்ட் என்ற குடையை எடுத்த பிறகு அந்த இடமும் வெயிலில் நின்றது; ஓராண்டில் அதுவும் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து வெளிறிவிட்டது. தெற்கு முகம் என்பதால் அது விரைவாகவே நடந்திருக்கிறது. நான்காவது சுற்றோடு நிறுத்தியிருந்தால் வலப்புறத்தில் சேதமே ஏற்பட்டிருக்காது. எழுத்தும் ஏறத்தாழ இதே நிலைக்குத்தான் வந்திருக்கும்.

அதன் பிறகு மாற்றிக்கொண்டவை

பெயர் அழிக்க வரும் படகில் இப்போது இருபுறமும், முடிந்தால் ஒரு புறத்துக்கு இரண்டு இடங்களிலும், ஏற்கெனவே உள்ள துளைகளின் ஓரத்தில் ஜெல்கோட்டின் கனத்தைப் பார்க்கிறோம். படகைக் கரையில் எந்தத் திசை நோக்கி நிறுத்துவார்கள் என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்டால் வாடிக்கையாளர்கள் வியப்பாகப் பார்க்கிறார்கள். தின்னரைத் தொடும் முன் சுற்றுப்புறத்துப் பொடியை நீக்குகிறோம். காய்ந்த காலையில் அல்லாமல் வேலை முடிந்தது என்று யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை.

நாளும் கூலியும் சொல்லும்போது பெயிண்டை எடுப்பதற்கு ஒரு கணக்கு, நிழலை எடுப்பதற்குத் தனிக் கணக்கு என்று பிரித்தே சொல்கிறோம். இரண்டாவதைக் கேட்டுவிட்டுப் பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். ஓர் ஆண்டு வெயிலில் தானாக மங்கிவிடும் என்று சொல்வதால் எங்களுக்கு வேலை குறைகிறது. என்றாலும் அப்படியே சொல்கிறோம். பதிவு எண்ணைத் தொடுவதில்லை என்பதில் மாற்றமில்லை.

புதுப் பெயர் எழுத வருபவர்களுக்கும் ஒரு வழி சொல்லத் தொடங்கியிருக்கிறோம். பெயரை நேராக ஜெல்கோட்டில் எழுதாமல், முதலில் ஒரு பெயிண்ட் பட்டை அடித்து அதன்மேல் எழுதச் சொல்கிறோம். பட்டையின்மேல் சாதாரண எனாமலால் எழுதிய பெயரைத் தின்னரால் துடைத்தால் இறுகிய பட்டைக்கு ஒன்றும் ஆகாது; ஜெல்கோட்டைத் தொடவே தேவையில்லை. அந்த இளைய உரிமையாளரின் படகில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது. பட்டையில் இடம் மிச்சமிருந்ததால், வலப்புறத்தில் தம் மகளின் பெயரையும் சிறிய எழுத்தில் சேர்த்திருக்கிறார்.